கருவறைக் காவல்

கருவிலே திருவுடையார் என்று சிலரைச் சிறப்பித்துப் பேசுவது தமிழ் வழக்கு. பிறப்பதற்கு முன்னரே ஒருவருக்கு வளமும் வாய்ப்பும் அமைந்துவிடுகின்றன என்பது அத்தொடரின் கருத்து. திரு கருவிலே அமையக் கூடுமாயின் திருவின்மையும் அங்கேயே அமையக் கூடுமா? தாய் படும் பசியும் குளிரும் அச்சமும் அவள் வயிற்றிலுள்ள சிசுவைச் சென்று சேர்கின்றனவா? சேருமாயின் எவ்வழியாகச் சேர்கின்றன? நெடுங்காலம் பாட்டிமாரின் பேச்சிலும் மருத்துவிச்சியரின் அனுபவத்திலும் மட்டுமே வாழ்ந்து வந்த இவ்வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் உயிர்வேதியியல் ஒரு பகுதி விடையைத் தேடித் தந்துள்ளது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் அவ்விடைக்குத் தனிப்பொருள் உண்டு. நுவரெலியா, அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைச் செல்வம், கருவுற்ற பெண்களின் உழைப்பையும் சேர்த்துக் கொண்டே வளர்ந்த செல்வமாகும்.

மலைநாட்டுத் தோட்டங்களின் கதை கோப்பியில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைப்பதற்குத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். கோப்பி பருவப் பயிராகையால், பழம் பறிக்கும் காலத்திற்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியோர் மிகுதி. அவர்களுள்ளும் ஆடவரே பெரும்பாலோர்.

1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. சில ஆண்டுகளிலே அது தோட்டம் தோட்டமாகப் பரவிக் கோப்பித் தொழிலை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி விட்டுச் சென்ற இடத்தைத் தேயிலை நிரப்பியது. 1884 இல் புகையிரதம் அட்டனை அடைந்தது. அடுத்த ஆண்டில் நானுஓயாவை எட்டியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. சில நாள்களுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிச் சென்று கொழுந்து கொய்ய வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது. கொழுந்து கொய்தல் பெண்களின் வேலையாயிற்று. தோட்டத்தின் வருவாய் பெண்ணின் விரல்களில் வந்து நின்றது.

அவ்வேலையின் தன்மையைச் சிறிது நோக்குதல் வேண்டும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலையிலிருந்து கயிற்றால் தொங்கும் கூடையை முதுகில் தாங்கி, செங்குத்தான சரிவில் நாள் முழுவதும் நின்றபடியே கொய்ய வேண்டும். மழையில் நனைந்த கொழுந்தின் பாரமும் கூடையில் ஏறும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஊர்; அங்கு இரவுக் குளிர் கடியது. மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்பது அவளுடைய வழக்கம். வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களிலும் இந்த ஒழுங்கு பெரிதும் மாறியதில்லை.

அரசாங்கம் இதனை முற்றிலும் கவனியாது விட்டது என்று சொல்வதற்கில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்கென 1872 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம், நோயுற்றோரையும் பிள்ளை பெற்ற பெண்களையும் பேணும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது இன்னும் தெளிவாகச் சுமத்தியது. 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு தோட்ட மக்களிடையே பரவியிருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு அதனால் உண்டாகும் இரத்தச் சோகை இரட்டைக் கேடு. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் 1939 இல் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் வந்தன. தோட்டத்திலேயே குடியிருக்கும் பெண்களுக்கு மாற்று மகப்பேற்று நன்மை என்னும் தனி ஏற்பாடும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. இச்சட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பேறு என்னும் நிகழ்ச்சியையும் அதையடுத்த சில வாரங்களையுமே அவை முதன்மையாக நோக்கின. அதற்கு முந்திய மாதங்களில் தாயின் உடலுக்குள் நடப்பதை அக்காலத்தில் அறிந்தார் எவரும் இலர்.

அவ்வறிவு வேறு திசையிலிருந்து வந்தது. மலைநாட்டில் கோப்பி செழித்துக் கொண்டிருந்த 1855 ஆம் ஆண்டில், இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள் கெட்டுப் போனால் மனிதன் மெலிந்து சோர்ந்து மடிகின்றான் என்பதை விளக்கி நூலெழுதினார். அச்சுரப்பியின் வெளிப்படை உயிருக்கு இன்றியமையாத பொருள்களைச் செய்கின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1936 இல் கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து ஹான்ஸ் செலியே ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு, அளவிறந்த உழைப்பு என்று துன்பம் எவ்வடிவில் வந்தாலும் எலியின் உடல் ஒரே வகையாக எதிர்வினை செய்கிறது, அப்போது அதிரீனல் சுரப்பி பருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். நெருக்கீடு என இன்று வழங்கும் கருத்துக்கு அது அடிப்படையாயிற்று. நெருக்கீட்டுக் காலத்தில் அச்சுரப்பி பெருகச் செய்யும் ஓமோன்களுள் தலையாயது கோட்டிசோல்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டலும், சுவிற்சர்லாந்தில் தடேயுஸ் ரைக்ஸ்ரைனும் அதிரீனற் பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். மேயோவிலே பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் மூட்டுவாத நோயாளரைக் கவனித்து வந்தவர். மூட்டுவாதத்தால் நடக்க இயலாதிருந்த பெண்கள் கருவுற்ற மாதங்களில் நலம் பெறுவதையும், பிள்ளை பெற்ற பின் நோய் மீள்வதையும் அவர் கண்டார். கருவுற்ற உடலில் ஏதோ ஒரு பொருள் நோயைத் தணிக்கின்றது என்பது அவர் ஊகம். 1948 செப்டெம்பரில் கெண்டல் பிரித்தெடுத்த ஒரு பொருள் நோயாளி ஒருவருக்கு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சில நாள்களிலே அவர் எழுந்து நடந்தார். அதுவே கோட்டிசோன். மூவருக்கும் 1950 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கோட்டிசோனும் கோட்டிசோலும் பெயரில் மட்டுமன்றி அமைப்பிலும் இரட்டையரை ஒத்தவை. மூலக்கூற்றின் ஓரிடத்தில் ஐதரசன் அணுக்களின் வேறுபாடு மட்டுமே உண்டு. ஆயினும் செயலில் பெரும் வேற்றுமை உளது. உயிரணுக்களில் உள்ள ஏற்பிகளோடு பொருந்தி வேலை செய்ய வல்லது கோட்டிசோல். கோட்டிசோன் தானாக ஏதும் செய்யாது. அவ்வாறாயின் கோட்டிசோன் ஊசி எவ்வாறு நோயைத் தணித்தது? ஈரலிலே உள்ள ஒரு நொதியம் அதனைக் கோட்டிசோலாக மாற்றியது. நொதியம் என்பது, தான் செலவாகாமல், ஒரு பொருளை வேறொன்றாக மாற்றும் வேலையை விரைவாக்கும் புரதம். இந்த மாற்றத்தைச் செய்யும் நொதியத்தை 1953 இல் ஜெர்மனிய ஆய்வாளர் ஈரலில் இனங்கண்டனர். 1960 இல் இதற்கு எதிரான மாற்றம், அதாவது கோட்டிசோலைக் கோட்டிசோனாக்கி அடக்கும் செயல், மனிதச் சூல்வித்தகத்தில் நடைபெறுவது அறிவிக்கப்பட்டது. சூல்வித்தகம் என்பது நாட்டு வழக்கில் நச்சுக்கொடி எனப்படுவது. தாயின் குருதிக்கும் சிசுவின் குருதிக்கும் இடையே நின்று உணவையும் உயிர்வளியையும் கடத்தித் தரும் உறுப்பு.

அந்நாளில் இரண்டு செயலும் ஒரே நொதியத்தினுடையவை என்றே பலர் எண்ணினர். அவை இருவேறு நொதியங்கள் என்பது 1990களின் நடுப்பகுதிக்குள் உறுதியாயிற்று. ஈரலில் மிகுந்து, அடங்கியதை எழுப்புவது முதலாம் வகை. அதற்குரிய மரபணு மனிதனின் முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. சூல்வித்தகத்திலும் சிறுநீரகத்திலும் மிகுந்து, எழுந்ததை அடக்குவது இரண்டாம் வகை. அதன் மரபணு பதினாறாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இவ்விரண்டாம் நொதியமே கருவறையின் காவல் எனத் தகும்.

இக்காவலின் வலிமையை அளந்து காட்டியவர்களுள் ஒருவர் கனடிய ஆய்வாளர் பெவர்லி மர்பி. தாயின் கோட்டிசோல் சிசுவுக்குக் கடந்து செல்லும் வழியிலே பெரும்பகுதி கோட்டிசோனாக மாறிவிடுகிறது என்பதை 1974 இல் அவரும் துணைவரும் வெளியிட்டனர். கருவுற்ற பெண்ணின் குருதியில் கோட்டிசோல் இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது. சிசுவின் குருதியிலோ அது தாயினுடையதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையே இருக்கும். தாய் பதறும் ஒவ்வொரு வேளையும் சிசுவும் பதறாமலிருக்கும் பொருட்டு அமைந்த ஏற்பாடு இது. சிசுவின் உறுப்புகளிலேயே இந்நொதியம் உண்டு. எலிக்கருவின் மூளையில் கருக்காலத்தின் நடுப்பகுதி வரை அது மிகுந்திருந்து பின்னர்க் குறைகிறது. மனிதக் கருவின் மூளையிலும் இதையொத்த ஒழுங்கே காணப்பட்டது. இழையங்கள் உருப்பெறும் காலத்தில் காவல் கடுமையாகவும், உருப்பெற்ற பின் தளர்வாகவும் அமைகின்றது.

இனி, சிசு வெறுமே காக்கப்படும் பொருள் மட்டுமன்று. தானும் ஓமோன் செய்யும் உயிர். அதன் அதிரீனல் சுரப்பி உடலளவை நோக்கப் பெரியவர்களுடையதைவிட மிகப் பெரிது. அச்சுரப்பியின் பெரும்பகுதி கருக்கால வலயம் எனப்படும். பிறந்த சில மாதங்களில் அது சுருங்கி மறைந்துவிடும். கொலஸ்டரோலிலிருந்து கோட்டிசோல் செய்வதற்கு ஐந்து நொதியங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். கருக்கால வலயத்தில் அவற்றுள் ஒன்று மிகக் குறைவு. ஆகையால் அங்கு கோட்டிசோலுக்குப் பதிலாக வேறொரு பொருள் பெருமளவில் உண்டாகிச் சூல்வித்தகத்தை அடைகிறது. சூல்வித்தகம் அதனை ஈஸ்திரசனாக மாற்றுகிறது. மலையிலே கொய்த கொழுந்து தொழிற்சாலையில் தேயிலையாவது போல, ஒரு வேலையை ஈரிடத்தார் பகிர்ந்து செய்கின்றனர். சிசுவும் சூல்வித்தகமும் சேர்ந்து ஒரே தொகுதியாக இயங்குகின்றன என்னும் இவ்வுண்மையை 1960களில் நிலைநாட்டியவர் ஸ்ரொக்ஹோமில் பணியாற்றிய எகோன் டிக்ஸ்பலூசி.

பேறு நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. சிசுவின் சுரப்பி தானே கோட்டிசோலைச் செய்யத் தொடங்குகிறது. சூல்வித்தகத்தின் காவலும் கடைசி வாரங்களில் தளர்கிறது. காரணம், அப்போது கோட்டிசோல் பகையாக இராமல் துணையாக அமைவதே. நுரையீரலை மூச்சுக்கு ஆயத்தம் செய்வது அது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் கிரகாம் லிகின்ஸ் செம்மறியாடுகளை ஆராய்ந்தபோது, இவ்வகை ஓமோன் பெற்ற குட்டிகள் காலத்துக்கு முன்னரே பிறந்தும் மூச்சு விட்டதை 1969 இல் அறிவித்தார். 1972 இல் அவரும் ரொஸ் ஹோவியும் குறைமாதப் பேற்றை எதிர்நோக்கிய தாயருக்குப் பீற்றாமெதசோன் என்னும் மருந்தைக் கொடுத்துக் குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என நிறுவினர். செயற்கையாகச் செய்யப்பட்ட இம்மருந்தைக் காவல் நொதியம் எளிதில் அடக்க முடிவதில்லை. அதனால் அது சிசுவைச் சென்றடைகிறது. ஒரே வகைப் பொருள், வேண்டிய வேளையில் உயிர் காக்கும். வேண்டாத வேளையில் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். ஆகவே இந்நொதியங்களின் வரலாற்றிலே முதன்மையான சொல் காலம் என்பதே.

காவல் தளர்ந்தால் வரும் விளைவை அறிவதற்கு எதிர்பாராத துணையாக வந்தது, தமிழர் நன்கறிந்த அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் வழங்கும் வேர் அது. 1946 இல் ரெவர்ஸ் என்னும் ஒல்லாந்து மருத்துவர், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு உட்கொண்டோரில் சிலருக்கு உடலில் நீர் கோத்து வீக்கம் உண்டாவதைக் கண்டார். காரணம் 1987 இல் எடின்பரோ ஆய்வாளர்களால் விளங்கிற்று. அதிமதுரத்திலுள்ள ஒரு பொருள் காவல் நொதியத்தை முடக்குகிறது. அடங்காத கோட்டிசோல் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அதிமதுரத்தில் செய்த இனிப்பை விரும்பியுண்ணும் பின்லாந்து நாட்டில், கருக்காலத்தில் அதனை மிகுதியாக உண்ட தாயரின் பிள்ளைகள் எட்டு வயதில் சில அறிவுச் சோதனைகளில் பின்தங்கியமை 2009 இல் வெளியிடப்பட்டது. கருவுற்ற பெண்கள் அதிமதுரத்தை மிகுதியாக உட்கொள்ள வேண்டாமென்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை பின்னர் அறிவுறுத்தியது. இந்நொதியம் பிறவியிலேயே குறைவுபட்ட குழந்தைகளும் அரிதாக உளர். அவர்கள் எடை குறைந்து பிறக்கின்றனர், இளமையிலேயே உயர் இரத்த அழுத்தத்துக்கு ஆளாகின்றனர்.

இவ்வாறு நொதியத்தின் கதை ஒரு புறம் வளர்ந்துவர, மறுபுறம் பழைய பதிவேடுகளிலிருந்து இன்னொரு கதை எழுந்தது. இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்சயர் மாவட்டத்தில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையை மருத்துவிச்சியரும் சுகாதாரப் பெண்டிரும் ஏடுகளில் குறித்து வைத்திருந்தனர். டேவிட் பார்க்கர் என்னும் அறிஞர் அவ்வேடுகளைத் தேடியெடுத்து, 1930 வரை பிறந்த 5,654 ஆடவரின் பிற்கால வாழ்வோடு ஒப்பிட்டார். குழந்தைப் பருவத்தில் எடை குறைந்திருந்தோரிடையே இதயநோய் மரணம் மிகுந்திருந்ததை 1989 இல் அவரும் துணைவரும் வெளியிட்டனர். தோட்ட மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னிந்தியாவிலும் இத்தகைய ஏடு ஒன்று கிடைத்தது. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்தோரின் எடைப் பதிவுகளைக் கொண்டு, நடுவயதெய்திய 517 பேர் ஆராயப்பட்டனர். எடை குறைந்து பிறந்தோரிடம் இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அம்முடிவு 1996 இல் வெளிவந்தது.

இரு கதைகளையும் இணைத்தவர்கள் எடின்பரோவைச் சேர்ந்த கிறிஸ்தோபர் எட்வர்ட்ஸ், ஜோனதன் செக்கல் ஆகியோரும் அவர்களுடைய துணைவரும் ஆவர். சூல்வித்தகக் காவல் குறைந்தால் மிகுதியான கோட்டிசோல் சிசுவை அடைந்து, அதன் வளர்ச்சியைக் குறைத்து, பிற்காலத்து இரத்த அழுத்தத்துக்கு வித்திடுமோ என்ற கருத்தை 1993 இல் அவர்கள் முன்வைத்தனர். எலிகளில் அதற்குச் சான்று கிடைத்தது. கருவுற்ற எலிகளுக்கு நொதியத்தை முடக்கும் மருந்தைக் கொடுத்தபோது குட்டிகள் சிறுத்துப் பிறந்தன. வளர்ந்த பின் அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. புரதம் குறைந்த உணவைத் தின்ற தாயெலிகளின் சூல்வித்தகத்தில் இந்நொதியத்தின் செயல் குறைந்தமை 1996 இல் அறிவிக்கப்பட்டது. இதுவே மிகவும் சிந்திக்கத்தக்க முடிவு. தாயின் நெருக்கீட்டிலிருந்து சிசுவைக் காக்கும் காவலாளிக்குத் தாயின் உணவிலிருந்தே வலிமை வர வேண்டியுள்ளது. தாய் பசித்தால், காவல் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே காவலாளியும் தளர்கிறான்.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் யாவும் இத்துணைத் தெளிவாக ஒத்துப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடை குறைந்து பிறத்தலுக்கு இரத்தச் சோகை, தொற்றுநோய், தாயின் உயரக் குறைவு, இளவயதுப் பேறு, குறைமாதப் பேறு, அடுப்புப் புகை எனக் காரணங்கள் பல. நொதியம் அவற்றுள் ஒரு கண்ணி. அன்றியும், தாய் கவலைப்பட்டதனாலே குழந்தை மெலிந்தது என்று அவள் மீது குற்றம் சாட்டுவதற்கு இவ்வறிவு இடந்தருவதில்லை. அன்றாடக் கவலையையும் களைப்பையும் தாங்கும் பொருட்டே இயற்கை இக்காவலை அமைத்தது. பெரும் பசியும் நீங்காத உழைப்பும் காவலின் எல்லையைக் கடக்கும்போது, அவற்றை விதித்தவர் யார் என்பதே வினா.

அவ்வினாவோடு மலைநாட்டுக்குத் திரும்பினால் அதன் பிற்கால வரலாறு புதிய பொருள் பெறுகிறது. 1948 இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அவர்களுடைய மருத்துவமும் மகப்பேறும் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே நின்றன. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த இடைக்காலத்தில், 1973, 1974 ஆம் ஆண்டுகளில், உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத் தாக்கியது. மாவும் அரிசியும் அரிதாகி, வேலை நாள்களும் குறைந்து, தோட்டப் பகுதியின் இறப்பு வீதம் உயர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 இலிருந்து 1945 வரையிலான குளிர்காலத்தில், ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிலும் இத்தகைய பஞ்சம் நேர்ந்தது. அப்போது கருவிலிருந்தோரை அந்நாட்டு ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கினர். அவர்கள் நடுவயதெய்தியபோது நீரிழிவுக்கு அறிகுறியான சர்க்கரைக் கோளாறும், கருக்காலத் தொடக்கத்திலே பஞ்சத்துக்கு ஆளானோரிடம் இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. 1974 இல் மலைநாட்டு லயங்களில் தாயின் வயிற்றிலிருந்தோர் இன்று ஐம்பது வயதை எட்டியோர் அல்லது கடந்தோர். இரத்த அழுத்தமும் நீரிழிவும் தலைகாட்டும் வயது அது. தோட்டத்து மருந்தகத்தின் வரிசையில் நிற்கும் அவ்வயதினரை நோக்கும் மருத்துவர், அவர்களுடைய உணவையும் பழக்கத்தையும் கேட்பதோடு, அவர்கள் பிறந்த ஆண்டையும் கேட்டறிதல் பயனுடைத்து.

அதன் பின்னர் நன்மைகள் பல வந்தன என்பதும் உண்மை. 1973 இல் திரிபோஷ என்னும் சத்துமா கருவுற்ற தாயருக்கும் பாலூட்டும் தாயருக்கும் சிறு குழந்தைகளுக்கும் வழங்கப்படலாயிற்று. 1984 இல் தோட்டத்துப் பெண்களுக்கு ஆடவருக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது. குடும்ப நல மருத்துவிச்சியரின் வருகையும் மருத்துவமனைப் பேறும் பெருகிச் சிசு மரணம் பெரிதும் குறைந்தது. 2003 இல் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2016 இல் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேராக, தோட்டப் பகுதியில் முப்பத்திரண்டு பேராக இருந்தனர். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தைகளின் விகிதமும் தோட்டப் பகுதியிலேயே உயர்ந்து நின்றது. குன்றிய சிறுமி வளர்ந்து தாயாகும்போது அவளுடைய குழந்தையும் சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு மிகுதி. இவ்வாறு ஒரு தலைமுறையின் பசி அடுத்த தலைமுறையின் உடலில் எழுதப்படுகிறது.

மகப்பேற்று நன்மைகள் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்றாம் பிள்ளை முதல் குறைந்த நாள்களே கிடைத்த விடுப்பு, எல்லாப் பேற்றுக்கும் 84 நாளாயிற்று. அவற்றுள் 14 நாள் பேற்றுக்கு முன்னரும் 70 நாள் பின்னரும் அமைகின்றன. பேற்றுக்குப் பிந்திய நாள்கள் பாலூட்டலுக்கும் தாயின் உடல் தேறுதலுக்கும் இன்றியமையாதவை. அவற்றைக் குறைக்க எவரும் எண்ணார். ஆயினும் சூல்வித்தகத்தின் காவல் பல மாதங்களாக ஓயாது வேலை செய்து முடித்த பின்னர், அது தளரும் வேளையிலேயே அந்தப் பதினான்கு நாள் தொடங்குகிறது. மாதம் நெருங்கும்போது இலேசான வேலை கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அவ்வழக்கம் நடு மாதங்களுக்கும் நீளுமானால், செங்குத்தான மலைக்குப் பதில் அண்மையிலுள்ள சமநிலமும், கூலி குறையாத குறைந்த நிறையும், காலையில் ஒரு முட்டையோ பருப்போ, தவறாத இரும்புச் சத்து மாத்திரையும் கிடைக்குமானால், அச்செலவு தாய்க்கு இட்ட தருமம் எனக் கொள்ளத்தக்கதன்று. தோட்டத்தில் நாளை வளரவிருக்கும் உடல்களுக்கு இன்று செலுத்தும் நியாயமான கடன் அது.

காவல் நொதியத்தை வலுப்படுத்தும் மருந்தென ஒன்று கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் நிலை இன்றில்லை. உணவும் ஓய்வும் அச்சமற்ற வாழ்வுமே அதற்கு உள்ள துணை. லயத்தின் மூலையில் அமர்ந்து மருமகளுக்குப் பத்தியம் சொன்ன பாட்டி, நொதியத்தின் பெயரை அறியாள். கருவுற்றவளின் தலையில் பாரம் ஏற்றாதே, அவளை அழவிடாதே, முதற்சோறு அவளுக்கு இடு என்று அவள் சொல்லி வந்தாள். கூலிக் கணக்கு அவளுடைய சொல்லுக்கு இடங்கொடுக்கவில்லை. எடின்பரோவிலும் மைசூரிலும் கண்ட உண்மைகள் அச்சொல்லின் பக்கமே இன்று நிற்கின்றன. கணக்கை எழுதுவோர் இனி அவற்றையும் சேர்த்து எழுத வேண்டியவராகின்றனர்.